ஐந்து பேர் சேரட்டும்

எங்கள் சுகாதார மையத்துக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்களாம். யாரையாவது காப்பாற்றியதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கெல்லாம் இங்கே யாரும் கேடயம் கொடுப்பதில்லை. தடுப்பு மருந்தில் ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் இரண்டு வருடம் ஓட்டியதற்காக. ‘வீணாக்கம்: பூஜ்யம்’ என்று பித்தளைத் தகட்டில் பொறித்து மேடையில் வைத்துக் கொடுப்பார்கள். வாங்கப் போகிற ஆள் நான். பதினாறு வருடமாக இந்த மையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நர்ஸ்.

செய்தியைச் சொன்னவர் எங்கள் மேலதிகாரி. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சதவீதம். வாசலில் ஒருத்தர் மயங்கி விழுந்தாலும் “இந்த மாசம் இது எத்தனை சதவீதம்?” என்று கேட்பார். மனிதர்களை முழுசாகப் பார்த்துப் பழக்கமில்லாதவர்.

“சிஸ்டர், அன்னைக்குக் கொஞ்சம் நல்லா டிரஸ் பண்ணிட்டு வாங்க. போட்டோ எடுப்பாங்க” என்றார், பெண் பார்க்க வரப்போகிற மாதிரி.

இரண்டு வருடம் எப்படி ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் இருந்தது என்று கேட்பீர்கள். ரொம்பச் சுலபம். போடாமல் இருந்தால் போதும்.

தட்டம்மைத் தடுப்பூசி மருந்து பொடியாக வரும். கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பி, ஒன்றில் பத்துக் குழந்தைகளுக்கானது. அதில் நீர் விட்டுக் கரைத்துவிட்டால் நாலு மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் பத்துக் குழந்தைகள் வந்தால் பத்துப் பேருக்கும் போடலாம். ஒரே ஒரு குழந்தை வந்தால் மீதி ஒன்பது குப்பைக்குப் போகும். அந்த ஒன்பதைப் பதிவேட்டில் ‘வீணானது’ என்ற கட்டத்தில் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணைப் பார்த்தால் சதவீதத்துக்கு ரத்தக் கொதிப்பு எகிறும். அதனால் எங்களுக்கு ஒரு விதி: ஐந்து குழந்தைகளாவது சேராமல் குப்பியைத் திறக்கக் கூடாது.

பெருந்தொற்றுக்கு முன்னால் இந்த விதி ஒரு மூலையில் சும்மா கிடந்தது. புதன்கிழமையானால் நாற்பது குழந்தைகள் வந்து மையத்தையே இரண்டாக்கும், குப்பி போதாது. பிறகு நோய் வந்தது. ஆறு நர்ஸில் நாலு பேரை மூக்கில் குச்சி விடுகிற வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்திக்கு நோயே வந்துவிட்டது. மிச்சம் நான். தடுப்பூசி அறையைப் பரிசோதனை அறையாக்கினார்கள். குழந்தைகளை எடை பார்க்கும் தராசை மாடிப்படிக்கு அடியில் தள்ளினார்கள். எனக்கும் என் குளிர்பெட்டிக்கும் துடைப்பமும் வாளியும் வைக்கிற அறை கிடைத்தது. ஊர் மொத்தமும் மாடியில் நின்று எங்களுக்காகக் கை தட்டிய காலம் அது. நான் வாளிகளுக்கு நடுவில் நின்றபடி அதைக் கேட்டேன்.

அந்த அறைக் கதவின் வெளிப்பக்கம் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது: ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் கூடக் கூடாது. உள்பக்கம் இன்னொன்று: ஐந்து குழந்தைகள் சேராமல் குப்பியைத் திறக்கக் கூடாது. இரண்டிலும் ஒரே கையெழுத்து, சதவீதத்துடையது.

போன் போட்டுக் கேட்டேன். “சார், மூணு பேருக்கு மேல கூடக் கூடாதுங்கிறீங்க. அஞ்சு குழந்தை சேரணுங்கிறீங்க. கணக்கு உதைக்குதே சார்?”

“சிஸ்டர், ரெண்டும் வேற வேற செக்‌ஷன்ல இருந்து வந்த சர்க்குலர். ஒண்ணோட ஒண்ணப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

இந்த இடத்தில் நான் பொங்கி எழுந்தேன், சுற்றறிக்கையைக் கிழித்தெறிந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒன்றும் கிழிக்கவில்லை. என் வேலை ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் காகிதத்திலும் அதே கையெழுத்துதான்.

அம்மாக்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். பஸ் இல்லை. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வழியில் போலீஸுக்கு வேறு பதில் சொல்லிவிட்டு வந்தார்கள். ஒரு நாளைக்கு ஒருத்தி, சில நாள் இரண்டு பேர். “ஆள் சேரல, அடுத்த புதன்கிழமை வாம்மா” என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். பதிவேட்டில் குழந்தையின் பெயருக்கு நேராக ‘பிறகு வரச் சொல்லப்பட்டது’ என்று எழுதினேன். யார் சொன்னார்கள் என்று அதில் இருக்காது. அலுவலகக் காகிதங்களில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாகச் செய்யப்பட்டுவிடும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியவள். அப்படி முத்து முத்தாக முப்பத்தொரு வரி எழுதினேன்.

அதில் ஒரு வரி என் தங்கையின் மகள்.

தங்கை வீடு மையத்திலிருந்து நாலு மைல். குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம். முதல் தடவை வந்தபோது இவளோடு சேர்த்து இரண்டு பேர். அடுத்த வாரம் வந்தபோது இவள் மட்டும்தான். வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“போன வாரமும் இதையேதான் சொன்ன. இன்னும் எத்தனை தடவைக்கா நடக்கிறது?”

“நான் என்னடி பண்ணட்டும்? அஞ்சு பேர் சேரட்டும்.”

“ஒரு பாட்டில்தானே. சாவி உன் கையிலதானே இருக்கு.”

“சொந்தத் தங்கச்சின்னா மட்டும் தொறக்கிறாளேன்னு நாளைக்கு ஊரே பேசும்.”

அவள் தெருவை எட்டிப் பார்த்தாள். ஒரு நாய்கூட இல்லை. “எந்த ஊரு? அதான் எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்காங்களே” என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நடந்தாள். குழந்தை அவள் தோள் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது. எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. சொந்தக்காரிக்குக்கூட வளைந்து கொடுக்காத நேர்மையான நர்ஸ்! அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷனுக்கு வேலை போனது. வீட்டை மாற்றிக்கொண்டு இன்னும் தள்ளிப் போனார்கள். இவளும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். போனில் பேசும்போது “ஊசி போட்டாச்சா?” என்று கேட்பேன். “போடணும்க்கா” என்பாள். அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம்.

ஒரு நாள் பெருந்தொற்று முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழ் வந்தது. என்னுடையதில் வேறு யாரோ ஒருத்தியின் பெயர் இருந்தது. விட்டுப்போன முப்பத்தொரு குழந்தைகளின் பட்டியலை நான் மேலே அனுப்பினேன். அது மேலேயே இருந்துவிட்டது.

இந்த வருடம் தட்டம்மை வந்தது. அதற்குச் சுற்றறிக்கை படிக்கத் தெரியாது. யாருக்கு ஊசி போடவில்லையோ அவர்கள் வீட்டுக்கு நேராகப் போனது.

தங்கை போன் செய்தாள். “வாலுவுக்கு உடம்பெல்லாம் சிவந்திடுச்சுக்கா. மூச்சு வாங்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம்.” வாலு என்பது அந்தக் குழந்தைதான். இப்போது மூன்று வயது. ஒரு இடத்தில் உட்காராது. என்னைப் பார்த்தால் “பெரியம்மா ஊசி!” என்று கத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும். நான் போடாத ஊசிக்காக என்னைப் பார்த்துப் பயந்த குழந்தை.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு எங்கே என்று எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. மேலே புதுப் பலகை: ‘தயார் நிலை வார்டு’. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். நாற்பது கட்டில். மெத்தைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் சுவரிலிருந்து ஆக்சிஜன் குழாய். பெருந்தொற்றின்போது குழந்தைகளைக் கிளப்பிவிட்டு இதைக் கட்டினார்கள். அடுத்த பெருந்தொற்று வந்தால் தயாராக இருக்க வேண்டுமாம்.

குழந்தைகள் வராந்தாவில் கிடந்தார்கள். நடப்பவர்கள் காலில் படாமல் சுவரோரமாக ஏழு கட்டில். இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு சிலிண்டர், அதிலிருந்து இரண்டு பக்கமும் குழாய்.

அங்கே பொறுப்பில் இருந்த நர்ஸ் என்னோடு பயிற்சியில் இருந்தவள். தடிக் கண்ணாடி போட்டிருப்பதால் அப்போதிருந்தே அவள் பெயர் சோடாபுட்டி. “ஏன்டி, நாற்பது கட்டில் சும்மா கிடக்கே, அதத் தொறந்தா என்ன?” என்று கேட்டேன்.

“தொறந்தா தயார் நிலை போயிடுமாம்டி” என்றாள். அவள் சிரிக்கவில்லை. “சாவி கமிட்டிகிட்ட இருக்கு. கமிட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவதான் கூடும். அதுவரைக்கும் இதுங்களுக்கு வராந்தாதான்.”

வாலு மூன்றாவது கட்டிலில் இருந்தாள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தும் விலா எலும்பு ஏறி இறங்கியது. கண் பீளை கட்டி ஒட்டியிருந்தது. தங்கை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள். நான் பார்வையைப் பக்கத்துக் கட்டிலுக்குத் திருப்பினேன்.

“சிஸ்டர், நீங்களா?” என்றாள் அந்தக் கட்டிலில் இருந்த அம்மா. எனக்கு அந்தக் குரல் தெரியும். முகத்தில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு வந்தவள். அதற்கடுத்த கட்டிலில் இருந்தவளையும் தெரியும். இரட்டைக் குழந்தைகளில் ஒன்றைத்தான் தூக்க முடிந்தது என்று ஒன்றோடு வந்தவள், அதற்கும் போடாமல் அனுப்பினேன். வராந்தாவின் கோடி வரை போய்த் தலைமாட்டு அட்டைகளைப் படித்தேன். ஏழு குழந்தைகள். அதில் வாலுவோடு சேர்த்து ஐந்து பேர் என் பதிவேட்டில் இருந்தவர்கள்.

ஐந்து பேர் சேர்ந்தால் திறக்கலாம் என்று சொல்லியிருந்தேன். சேர்ந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை சதவீதம் மையத்துக்கே வந்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மேஜைமேல் என் பதிவேடு.

“சிஸ்டர், தட்டம்மை விஷயமா ஆய்வுக் குழு வருது. அடுத்த வாரமே கேடயமும் குடுக்கிறாங்க. இந்த நேரத்துல இது நல்லாவா இருக்கு?” என்று ஒரு வரியில் விரலை வைத்தார். ‘பிறகு வரச் சொல்லப்பட்டது.’ “முப்பத்தொரு இடத்துல இருக்கு. இதப் படிச்சா நாமதான் திருப்பி அனுப்பினோம்னு ஆயிடாதா?”

“நாமதானே சார் அனுப்பினோம்?”

“பெற்றோர் மறுப்புன்னு மாத்திடுங்க. புதுப் பதிவேடு தரேன். உங்க கையெழுத்துதான் அழகா இருக்குமே, உட்கார்ந்து ஒரே மூச்சுல எழுதிடுங்க.”

பெற்றோர் மறுப்பு என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குழந்தைகளுக்கு மருந்து ஒதுக்க மாட்டார்கள். ‘விழிப்புணர்வு தேவைப்படுவோர்’ என்று வேறு ஒரு கோப்பில் போட்டு, அவர்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்புவார்கள். இன்னும் நோய் வராத இருபத்தாறு குழந்தைகளுக்குத் துண்டுப் பிரசுரம்தான் தடுப்பூசி. அந்த முப்பத்தொருத்தரில் நாலு மைல் நடந்து வந்த என் தங்கையும் மறுத்தவளாகிவிடுவாள்.

“என் தங்கச்சி மகளும் இதுல இருக்கா சார்.”

“ஐயோ பாவம்” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன், இரண்டு நொடி. “அப்ப அதையே முதல்ல மாத்திடுங்க. நாளைக்கு உங்க மேலேயே கை காட்டிடப் போறாங்க. ஒப்பந்தம் வேற இந்த மாசம் புதுப்பிக்கணும், இல்லையா?”

“ரெண்டு நாள் டைம் குடுங்க சார். எழுதித் தரேன்” என்றேன். அவர் என் தோளைத் தட்டாத குறைதான்.

அவர் வண்டி திரும்பியதும் குளிர்பெட்டியைத் திறந்தேன். ஐந்து குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்தேன். பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். முதல் வீட்டு வாசலில் ஒரே ஒரு குழந்தைதான் இருந்தது. அதன் எதிரிலேயே குப்பியைத் திறந்தேன். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு குழந்தைக்காக ஒரு குப்பி.

இரண்டு நாள் அலைந்தேன். நாலு மணி நேரம் ஆனதும் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைத் திறந்தேன். ஒரு மாடி வீட்டில் கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இப்ப மட்டும் எதுக்கு வந்தீங்க? ஆள் சேர்ந்துட்டாங்களா?” என்றாள். “சேர்ந்துட்டாங்கம்மா” என்றேன். அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே பிள்ளையின் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

இருபத்தாறு பேரில் மூன்று வீடு பூட்டியிருந்தது. நாலு குடும்பம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே காய்ச்சல் அடித்து முகம் சிவந்திருந்தது. அதை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், எட்டாவது கட்டிலுக்கு. மீதிப் பதினெட்டுப் பேருக்கும் போட்டேன்.

திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன். ‘வீணானது’ கட்டத்தில் முப்பத்திரண்டு என்று எழுதினேன். இரண்டு வருடமாகப் பூஜ்யமே பார்த்த கட்டம். பிறகு பழைய பக்கங்களுக்குப் போனேன். ‘பிறகு வரச் சொல்லப்பட்டது’ என்ற ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் சிவப்புப் பேனாவில் எழுதினேன்: ‘மருந்து இருந்தது. நான் திறக்கவில்லை.’ முப்பத்தொரு தடவை. சதவீதம் சொன்னபடியே உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன்.

அதனால் உலகம் தலைகீழாக மாறிவிட்டதா என்றால், ஒரு மண்ணும் மாறவில்லை. ஆய்வுக் குழு பதிவேட்டைப் பார்க்கவே இல்லை, கம்ப்யூட்டரில்தான் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறவரை வைத்து முப்பத்தொரு பேரையும் ‘பெற்றோர் மறுப்பு’ ஆக்கியிருந்தார் சதவீதம். கேடயம் போன வருடம் வரைக்குமான கணக்குக்கு என்பதால் அதற்கும் ஒரு சேதாரமும் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அவரே மேடை ஏறி வாங்கிக்கொண்டார். போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்கிறார், பல்லெல்லாம் நூறு சதவீதம். கேடயத்தைக் கொண்டுவந்து என் குளிர்பெட்டிக்கு மேலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அதனுடனேயே ஒரு உறை. இரண்டே நாளில் முப்பத்திரண்டு பேருக்கான மருந்தை வீணாக்கியதற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும், தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது.

அந்த உறையைப் பையில் போட்டுக்கொண்டுதான் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாலுவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நுரையீரல் தேறிவிட்டது, பிழைத்துக்கொண்டாள். காய்ச்சலின்போது இரண்டு காதிலும் சீழ் வைத்துவிட்டது, கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோதிக்கும் கருவி தயார் நிலை வார்டுக்குள் இருக்கிறதாம். கமிட்டி கூடியதும் எடுத்துத் தருவார்களாம்.

வாலு கட்டிலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலி மருந்துப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தங்கை துணிமணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவள் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உறையை எடுத்து நீட்டினேன். எதற்காக நீட்டினேன் என்று தெரியவில்லை. பாவம் அக்கா என்று அவள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன் போல.

அவள் நிதானமாகப் படித்தாள். “முப்பத்திரண்டு வீணாச்சாமா?”

“ஆமா.”

“அன்னைக்கு வாசப்படியில உட்கார்ந்திருந்தேனே. அன்னைக்கு எனக்காக ஒண்ணு தொறந்திருந்தா, எவ்வளவுக்கா வீணாயிருக்கும்?”

“ஒன்பது” என்றேன்.

“ஒன்பது” என்று அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். பிறகு குழந்தையின் முதுகைப் பார்த்து, “வாலு, யார் வந்திருக்கா பாரு. ஊசிப் பெரியம்மா!” என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

வாலு ஓடி ஒளியவில்லை. திரும்பவே இல்லை. பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.